புதுமை தந்தது ஆக்கமா? ஏக்கமா? (நடுவர் தீர்ப்புரை)

அருப்புக்கோட்டைப் பெருமக்களே! திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

ஆக்கம்னு மூணு பேர் பேசினாங்க. ஏக்கம்னு மூணு பேர் பேசினாங்க. ஆறு பேருக்கும் கைதட்டிட்டு, "இப்ப நீ சொல்லு"ன்னு என்னைப் பாக்குறீங்க. தப்பிச்சுப் போகலாம்னா இது என் சொந்த ஊரு. வழியில யாராவது பிடிச்சுக் கேப்பாங்க. (சிரிப்பு)

தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி, 'புதுமை' என்ற சொல்லையே கொஞ்சம் விசாரிக்கணும்.

நம்ம தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், மனுஷனுக்கு வியப்பு எதனால் வருதுன்னு நாலு காரணம் சொல்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பார்க்காததைப் பார்த்தால் வியப்பு. மிகப் பெரியதைப் பார்த்தால் வியப்பு. மிகச் சின்னதைப் பார்த்தால் வியப்பு. ஒன்று வளர்ந்து இன்னொன்றாக ஆவதைப் பார்த்தால் வியப்பு. கவனிங்க! புதுமை வேற, ஆக்கம் வேற. ரெண்டையும் அவர் ஒண்ணாக்கலை. புதுமை என்றால் வாயைப் பிளக்கிறது. அவ்வளவுதான். அதனால் நன்மையா தீமையா என்பதை அந்தச் சொல் சொல்லவே இல்லை.

பின்னால் நன்னூல் எழுதிய பவணந்தியார், பழையது போறதும் புதியது வர்றதும் காலத்தின் இயல்பு, அது குற்றமில்லைன்னார். அதாவது புதுமைக்கு ஜாமீன் கொடுத்தார். பாராட்டுப் பத்திரம் கொடுக்கலை. (கைதட்டல்)

கிறிஸ்தவத் தமிழில் பாருங்க, புதுமை என்றால் அற்புதம். மாதா கோயிலில் புதுமை நடந்ததுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுப் பாட்டியோ, மருமக எட்டு மணிக்கு எழுந்திருச்சா, "இதென்ன புதுமையா இருக்கு"ன்னு சொல்லுவா. அங்க அது அற்புதம் இல்லை, ஏச்சு! (பலத்த சிரிப்பு)

பாரதியார் வந்த பிறகுதான் இந்தச் சொல்லுக்கு முதுகு நிமிர்ந்தது. புதுமைப் பெண் என்றார். அடுத்து, விருத்தாசலம் என்று பெயர் கொண்ட ஒருவர் தன் பெயரையே புதுமைப்பித்தன் என்று வைத்துக்கொண்டார். 2022ஆம் ஆண்டு அதே 'புதுமைப் பெண்' என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. பாட்டி வாயில் ஏச்சாக இருந்த சொல், பேத்தியின் பேங்க் கணக்கில் பணமாக விழுந்தது.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. இன்றைக்கு உலகமே 'இன்னொவேஷன்' என்று கொண்டாடுதே, அந்தச் சொல் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வசவுச் சொல். 1548இல் ஆறாம் எட்வர்டு மன்னர் பேரில், வழிபாட்டு முறைகளில் தானாகப் புதுமை செய்கிறவர்களை எதிர்த்து ஒரு பிரகடனமே வந்தது. 1636இல் ஹென்றி பர்ட்டன் என்ற பாதிரியார், "பிஷப்புகள் மதத்தில் புதுமை புகுத்துகிறார்கள்" என்று குற்றம் சாட்டினார். மறு வருஷம் காதை அறுத்துவிட்டார்கள். யாருக்கு? புதுமை பண்ணினவருக்கு இல்லை. புகார் சொன்னவருக்கு! ஏக்க அணி நண்பர்கள் தயவுசெய்து காதைத் தொட்டுப் பாத்துக்குங்க. (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ நம்ம கரிசல் காட்டுக்கு வருவோம். புதுசாக வந்த பொருளுக்கு நம்ம சனங்க ஒரு சொல் வச்சிருந்தாங்க: 'சீமை'. சீமை ஓடு, சீமைப் பசு, சீமெண்ணெய், சீமைக் கருவேலம். எங்கிருந்தோ வந்தது, நம்மகிட்டே கேக்காமல் வந்தது என்கிற ரெண்டும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு.

அப்படி வந்த மூன்று புதுமைகளைச் சொல்றேன்.

முதலாவது பருத்தி. நம்ம தெக்கத்திச் சீமையில் கருங்கண்ணியும் உப்பமும் மானாவாரியாக விளைந்தன. வானம் பாத்த பூமிக்கு ஏற்ற பருத்தி. ஆனால் இழை குட்டை. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியது. 1904, 1905 வாக்கில் சென்னை மாகாணத்துக்குக் கம்போடியாப் பருத்தி வந்தது. இழை நீளம். மில்லுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பிற்காலத்தில் வந்த எம்.சி.யு. ரகங்கள் இருக்கே, அதில் 'சி' என்பது கம்போடியாதான். 1968இல் வெளியான எம்.சி.யு. 5 ரகத்தை இங்கே வயசானவங்க மறந்திருக்க மாட்டாங்க. ஆக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் கம்போடியாவுக்கு ஒரு குணம். அது தண்ணி கேக்கும். கிணறு வச்சிருந்தவன் தோட்டத்தில் அது செழித்தது. வானத்தைப் பாத்தவன் கருங்கண்ணியோடு நின்றான். ஒரே பருத்தி, கிணத்து மேட்டில் ஆக்கம், கரிசல் காட்டில் ஏக்கம்!

ரெண்டாவது சீமைக் கருவேலம். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். 1877, 1878 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று நல்ல எண்ணத்தோடுதான் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பரப்பினார்கள். நெத்தை ஆடு தின்னுச்சு. ஆடு போன இடமெல்லாம் விதை போச்சு. கண்மாய்க்குள்ள போச்சு, வரத்துக் கால்வாய்க்குள்ள போச்சு. நம்ம நாட்டுக் கருவேலம் நின்ற இடத்தில் இது நின்றது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 2022இல் தமிழ்நாடு அரசு இந்த மாதிரி அயல் தாவரங்களை அகற்றவே ஒரு கொள்கை வகுத்தது.

ஏக்க அணித் தம்பி இதைச் சொல்லி நிறையக் கைதட்டு வாங்கினார். ஆனால் அவர் சொல்லாத ஒன்றை ஆக்க அணிச் சகோதரி எழுந்து சொன்னாங்க: "மழை இல்லாத வருஷம் திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ வீட்டில் உலை வெச்சாங்க." அதுவும் நிஜம். தண்ணிக்கு வழியை அடைத்த மரமே சோத்துக்கு வழி காட்டியது. இதை எந்தத் தராசில் போட்டு நிறுக்கிறது?

மூணாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்குங்க. தறி.

நான் நெசவாளி மகன். எங்க வீட்டில் குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்காருவார். அம்மா தார் சுத்துவாங்க. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் தானே ஓடுகிற நாடாவைக் கண்டுபிடித்தார். அதுவரைக்கும் நாடாவை இந்தக் கையால் எறிந்து அந்தக் கையால் பிடிக்கணும். அவர் நாட்டு நெசவாளிகளே அவரை எதிர்த்தார்கள். கடைசியில் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த நாடா நம்ம தெருவுக்கு வந்தபோது நெசவாளியை வெளியே தள்ளலை. அவன் கையிலேயே இருந்தது. அவன் தறியிலேயே ஓடியது. அவனுக்கே கூடுதல் துணி கொடுத்தது.

அதற்குப் பின்னால் விசைத்தறி வந்தது. கைத்தறியில் ஒரு தறிக்கு ஓர் ஆள்; அங்கே ஓர் ஆள் பல தறியைப் பார்க்கலாம். 1985இல் கைத்தறிக்கென்று துணிவகைகளை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 1993இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. முதலில் 22 வகை. பிறகு 11 ஆகச் சுருங்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. பவர்லூம் சத்தம் தெருவில் இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பா தறிக்குழியை மண் போட்டு மூடிக்கிட்டிருந்தார். அவரே மூடினார். யாரையும் கூப்பிடலை. நான் கேட்டேன், "ஏன்ப்பா?" அவர் சொன்னார், "குழந்தைங்க தடுக்கி விழுந்திரும்டா." மறுநாள் விசைத்தறிக் கூடத்துக்குக் கூலிக்குப் போனார்.

அந்தக் கூலியில்தான் நான் காலேஜ் படித்தேன். அதனால்தான் இன்னைக்கு இந்த மேடையில் நடுவர். ஆக, எதிரே உட்கார்ந்து "புதுமை ஏக்கம்தான்" என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "ஆக்கம்தான்" என்று மார்தட்டவும் அந்தக் குழி விடமாட்டேங்குது.

(அரங்கில் அமைதி)

பெருமக்களே! 1942இல் ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞர், பழசை அழித்துத்தான் புதுசு வளரும் என்றார். 'ஆக்கபூர்வமான அழிவு' என்று அதைத் தமிழில் சொல்றோம். நல்ல சொல். ஆனால் நான் கேக்குறேன், ஆக்கம் யார் வீட்டில்? அழிவு யார் வீட்டில்? ரெண்டும் ஒரே வீட்டில் நடந்தால் அது வைத்தியம். இந்த வீட்டில் அழிவும் அந்த வீட்டில் ஆக்கமும் நடந்தால் அதுக்குப் பேரு வேற! (பலத்த கைதட்டல்)

இன்னைக்குப் 'புத்தாக்கம்' என்று புதுச் சொல் செய்திருக்கோம். சென்னையில் அரசு நிறுவனத்தின் பெயரிலேயே அது இருக்கு. புதுமையையும் ஆக்கத்தையும் சேர்த்து ஒட்டியாச்சு. ஒட்டினது அழகுதான். ஆனால் தொல்காப்பியர் வரிசையைத் திரும்பப் பாருங்க. புதுமை முதலில், ஆக்கம் கடைசியில். நடுவில் நிற்பது பெருமையும் சிறுமையும். உரையாசிரியர்கள் இப்படிச் சொல்லலை. இது என் சொந்தச் சரக்கு. புதுமையில் புறப்பட்டவன் பெருமையிலேயே நின்னுட்டா விளம்பரம். அடுத்தவனைச் சிறுமைப்படுத்தி நின்னுட்டா அநியாயம். ரெண்டையும் தாண்டிப் போனால்தான் ஆக்கம்.

ஆகவே என் தீர்ப்பு. புதுமை தருவது வியப்பு மட்டும்தான். அதை ஆக்கம் ஆக்குவது ரெண்டு காரியம். ஒண்ணு, வந்த லாபத்தில் குழியை மூடினவனுக்கும் பங்கு வைக்கணும். ரெண்டு, விதைச்சவன் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்து கண்மாயைப் பாக்கணும். இந்த ரெண்டும் நடந்த இடத்தில் புதுமை தந்தது ஆக்கமே! நடக்காத இடத்தில் இருக்கிற ஏக்கம், புதுமை தந்ததல்ல, நாம தந்தது.

எனவே புதுமை தந்தது ஆக்கமே என்று தீர்ப்பளிக்கிறேன். ஆனால் வெற்றி பெற்ற அணி வீட்டுக்குப் போகும்போது, தோற்ற அணியின் கேள்வியைக் கையோடு எடுத்துக்கிட்டுப் போகணும் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.