பரிசுக்கு ஓர் உச்சவரம்பு

1956 டிசம்பர் 5, நியூயார்க். என்.பி.சி. தொலைக்காட்சியின் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சி. கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறார் ஹெர்ப் ஸ்டெம்பல். நெற்றியில் வியர்வை அரும்புகிறது. கைக்குட்டையால் அதை அழுத்தித் துடைக்கக் கூடாது, மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். பொருந்தாத கோட்டு, ஒட்ட வெட்டிய முடி எல்லாமே தயாரிப்பாளர் டான் என்ரைட் வகுத்துக் கொடுத்த வேடம்.

கேள்வி வருகிறது. 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற படம் எது? விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனாலும் 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' என்று தவறாகச் சொல்கிறார். அப்படிச் சொல்லும்படிதான் உத்தரவு. அன்றிரவு அவர் தோற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், பார்க்க லட்சணமானவர், பெயர் பெற்ற எழுத்தாளர் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கும் விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன. 1,29,000 டாலர் வென்றார். 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது.

இந்த மோசடி தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். முதல் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். போட்டியாளர்கள் இருவரும் கேள்விக்குக் கேள்வி திணறினார்கள். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த 'ஜெரிட்டால்' டானிக் நிறுவனம் கொதித்துப் போனது. இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகு எல்லாமே ஒத்திகை பார்த்த நாடகம்தான்.

1958 ஆகஸ்ட்டில் 'டாட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சியில் குட்டு உடைந்தது. மேடைக்குப் பின்னால் காத்திருந்த ஒருவர் கண்ணில் சக போட்டியாளரின் குறிப்பேடு பட்டது. அதில் அன்றைய விடைகள் வரிசையாக எழுதியிருந்தன. நிகழ்ச்சி நின்றது. ஸ்டெம்பலின் குற்றச்சாட்டையும் இப்போது காது கொடுத்துக் கேட்டார்கள். 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றத் துணைக்குழு முன் வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் வினாடி வினாவில் மோசடி செய்வது சட்டப்படி குற்றம் ஆயிற்று.

நம் ஊரில் உச்சவரம்பு என்றால் நிலம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பரிசுக்கு உச்சவரம்பு கட்டின. பெரிய தொகை இருந்தால்தானே சூது நுழையும் என்பது அவர்கள் கணக்கு. இது சட்டம் கேட்ட வரம்பு அல்ல, நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொண்டது. ஏமாற்றியவர்கள் தயாரிப்பாளர்கள், ஏமாற்றத் தூண்டியது விளம்பரப் பணம். வரம்பு விழுந்ததோ போட்டியாளரின் தலையில். இந்த அநியாயத்தை அன்று எத்தனை பேர் கவனித்தார்களோ!

அறுபதுகளில் பரிசுத்தொகை சுருங்கிப்போனது. 1964இல் தொடங்கிய 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் முதல் சுற்றின் எளிய கேள்விக்கு 10 டாலர்தான். அந்த நிகழ்ச்சியே மோசடியின் நிழலில் பிறந்தது. வினாடி வினா நடத்தவே இப்போது பயமாக இருக்கிறது என்று மெர்வ் கிரிஃபின் புலம்ப, விடையை நீங்களே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டு வாங்குங்களேன் என்றாராம் அவர் மனைவி ஜுலான். எத்தனை அழகான யோசனை!

1972இல் 'ட்வென்டி ஒன்' தொகுப்பாளர் ஜாக் பாரி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஜோக்கர்ஸ் வைல்ட்' நிகழ்ச்சியோடு திரும்பி வந்தார். அங்கே போட்டியாளருக்கு வரம்பு 25,000 டாலர்.

அதே சி.பி.எஸ்.ஸின் இன்னொரு நிகழ்ச்சியில்தான் 1984 மே 19 அன்று மைக்கேல் லார்சன் வந்து உட்கார்ந்தார். ஒஹையோ மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூர்க்காரர், ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர். நிகழ்ச்சியின் பெயர் 'ப்ரெஸ் யுவர் லக்'. 18 கட்டங்கள் கொண்ட பலகை. அதில் விளக்கு தாவித் தாவி ஓடும். பொத்தானை அழுத்தினால் நிற்கும். நின்ற கட்டத்தில் உள்ள பரிசு உங்களுக்கு. 'வாமி' என்ற சிவப்புக் குட்டிப் பிசாசு இருக்கும் கட்டத்தில் நின்றால் அதுவரை சேர்த்ததெல்லாம் போச்சு.

லார்சன் வீட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியை வீடியோவில் பதிவு செய்தார். படத்தை நிறுத்தி நிறுத்தி, விளக்கின் ஓட்டத்தைப் பார்த்தார். அது தாறுமாறாக ஓடவில்லை. ஐந்தே தடங்கள்தான் மாறி மாறி வந்தன. இரண்டு கட்டங்களில் வாமி வருவதே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். தடங்களை மனப்பாடம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்டார்.

முதல் முறை அழுத்தியபோது வாமியிடமே மாட்டினார். இரண்டாம் சுற்றில் கை பழகிவிட்டது. விளக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. நாற்பது முறைக்கு மேல் வாமியைத் தொடாமல் அழுத்திக்கொண்டே போனார். 25,000 எப்போதோ கடந்துவிட்டது. ஓடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்த விதியில் இடமில்லை. ரொக்கமும் பொருளுமாக மொத்தம் 1,10,237 டாலர். ஆட்டம் நீண்டுபோனதால் அதை இரண்டாகப் பிரித்து, ஜூன் 8, 11 தேதிகளில் ஒளிபரப்பினார்கள்.

பணம் தராமல் இருக்க வழி உண்டா என்று நிறுவனம் தேடியது. கிடைக்கவில்லை. அவருக்கு யாரும் விடை சொல்லித் தரவில்லை, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்ததைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். பணம் கைக்கு வந்தது. வரம்பைத் தாண்டியவர் என்பதால் மறுநாள் ஆட்டத்துக்கு மட்டும் இடமில்லை. பிறகு பலகையின் தடங்களைப் பெருக்கினார்கள். அந்த வெற்றியை 2003 வரை மறு ஒளிபரப்பு செய்யவே இல்லை.

லார்சனாவது முழுப் பணத்தோடு வீடு திரும்பினார். 1990இல் புதிய 'ஜெப்பர்டி'யில் நியூயார்க் காவலர் ஒருவர் ஐந்து நாளில் 1,02,597 டாலர் வென்றார். அங்கே வரம்பு 75,000. மிச்சம் 27,597 டாலர் அறக்கட்டளைக்குப் போனது. நல்ல காரியத்துக்குத்தான் போனது, மறுக்கவில்லை. ஆனாலும் அது அந்த மனிதரின் அறிவு சம்பாதித்த பணம். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதுதான்.

ஐந்து நாள் வென்றதும் வெளியேற வேண்டும் என்ற விதியை 'ஜெப்பர்டி' 2003இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே கென் ஜென்னிங்ஸ் என்ற மென்பொருள் பொறியாளர் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று 25,20,700 டாலர் சேர்த்தார். அப்போது ஹெர்ப் ஸ்டெம்பல் உயிரோடு இருந்தார். அவருக்கு வயது 77.