ஒருகுடைச் சூத்திர விளக்கம்

ஒருகுடை கொண்டு பலபெட்டி ஊட்டின்
கண்ணே பலவாய் ஆதல் தலையே
கம்பி பிளப்பின் பாதி குறையும்
ஏவலும் தம்முள் மாறு படுமே.

இஃது என்னுதலிற்றோ எனின், ஒரு டிஷ்ஷில் இறங்கும் அலையைச் செட்டாப் பாக்ஸ் பலவற்றிற்கும் பழுதின்றிப் பகிருமாறு கூறுதல் நுதலிற்று.

ஒருகுடை என்றது மொட்டைமாடியில் நிறுத்திய டிஷ்ஷை. பெட்டிதோறும் ஒரு குடை நடுவார் உளராகலின், அது விலக்கற்கு 'ஒரு' என விதந்தார். செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரினின்று நோக்க, டிடி ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 தென்கிழக்கே, ஏறக்குறைய 68 பாகை ஏற்றத்தில் தோன்றும், அஃது 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேரே நிலநடுக்கோட்டின்மேல் நிற்பது. அத்துணை உயரத்தாகலின், அடிவாரத்தை ஒட்டிய மனைகள் ஒழிய, செஞ்சிக் குன்றுகளும் அதனை மறையா. நோக்குத் தெளிந்த குடை ஒன்றே அமையும் என்க.

ஊட்டின் என்பது செயின் என்னும் எச்சம். ஒரு பெட்டியே உடையார்க்கு இவ்விதி வேண்டா.

கண் என்றது குடையின் முன் நிற்கும் எல்என்பியை, உவமையாகுபெயர். அது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை வரும் நுண்ணலையைப் பெருக்கி, கம்பியில் ஓடத்தக்க 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குவது. ஏகாரம் பிரிநிலை, கம்பியினின்று பிரித்தது. பலவாய் என்றது இரண்டும் நான்குமாகிய வெளிவாய்களை. அவற்றுள் ஒவ்வொன்றும் தன் பெட்டியின் ஏவலையே கேட்டு, முழு வலியும் குன்றாது தரும். தலை என்றதனான் பிற வழியும் உள என்பது பெற்றாம். பெட்டி மிக்க குடியிருப்பிற்கு மல்டிஸ்விட்ச் இடுதலும் தன்னினம் முடித்தல் என்பதனாற் கொள்க.

கம்பி பிளத்தலாவது ஸ்ப்ளிட்டர் இடுதல். இரு கூறாயின் 3 டெசிபெல் குறையும். கருவி தான் தின்பதும் கூட 3.5. நாற்கூறாயின் 7 அளவாம். பாதி குறையின் படமும் பாதி மங்குமோ எனின், மங்காது. எல்என்பி முன்னரே பெரிதும் பெருக்கினமையானும், பிளக்குங்கால் அலையோடு இரைச்சலும் உடன்குறைதலானும், கம்பி மிக நீளாதவழிப் பெட்டி பொறுக்கும். மழைக்காலத்துப் படம் உறைதலோ கண்ணை எய்துமுன் நேரும் இழப்பு. அதனைக் கம்பியிடைப் பெருக்கி வைத்து மீட்டல் ஆகாது. கேபிள் டிவிக்கென விற்கும் ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸோடு நிற்பதாகலின் ஈண்டைக்கு ஆகாது. விலை மலிவென்று அதனை வாங்கி டிஷ்ஷைப் பழிப்பார் பலர்.

ஏவலும் என்னும் உம்மை இறந்தது தழீஇயது. கடைக்கண் நின்றதேனும் பெருங்குற்றம் இதுவே. பெட்டி அதே கம்பி வழியே 13 வோல்ட் அனுப்பிச் செங்குத்து அலையையும், 18 வோல்ட் அனுப்பிக் கிடை அலையையும் கேட்கும். மேற்பட்டைக்கு 22 கிலோஹெர்ட்ஸ் தொனியும் சேர்க்கும். பிளந்த கம்பியில் இரு பெட்டி இருவேறு ஏவின், உயர்ந்த வோல்ட்டே வெல்லும்; தோற்ற பெட்டியில் பாதிச் சேனல் தோன்றா. அவ்வழிச் சிக்னல் போதாதென்று பூஸ்டர் வாங்குதல் வீண்.

எல்லாப் பெட்டியும் ஒன்றே ஏவுமிடத்துப் பிளத்தலும் அமையும். ஒரு வாயில் மட்டும் மின் கடத்தும் ஸ்ப்ளிட்டராயின், அவ்வாயிற் கட்டிய பெட்டியின் சுவிட்சை அணையற்க. அணைப்பின் எல்என்பி மின் பெறாமையின் ஏனைப் பெட்டியும் படம் இழக்கும்.