நீண்டகாலக் கூழ்மப்பிரிப்பில் இதயச் செயற்பாடு

நீண்டகாலக் கூழ்மப்பிரிப்பில் இதயச் செயற்பாடு என்பது, சிறுநீரகங்கள் நிலையாகச் செயலிழந்து, தொடர்ந்து கூழ்மப்பிரிப்பு (பேச்சு வழக்கில் டயாலிசிஸ்) பெற்றுவரும் நோயாளிகளின் இதயத்தில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இந்நோயாளிகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் இதய, குருதிக்குழல் நோய்களே ஆகும். திடீர் இதய நிறுத்தம் இவற்றுள் பெரும் பங்கு வகிக்கிறது.

காரணங்கள்

நலமான சிறுநீரகம் இரவு பகலாகச் செய்யும் பணியைக் குருதிக் கூழ்மப்பிரிப்பு இயந்திரம் வாரத்தில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் செய்கிறது. இடைப்பட்ட நாட்களில் உப்பும் நீரும் உடலில் தங்குவதால் குருதியழுத்தம் உயர்கிறது. அச்சுமையைத் தாங்க இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. 1995இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், கூழ்மப்பிரிப்பைத் தொடங்கியவர்களுள் 74 விழுக்காட்டினரிடம் இத்தடிப்பு காணப்பட்டது. பிற காரணங்களாவன:

* குருதிச்சோகை: சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் குறைவதால் இதயம் கூடுதலாக உழைக்கிறது.
* சுண்ணாம்புப் படிவு: கால்சியம், பாசுபேட்டுச் சமநிலை குலைவதால் குருதிக்குழல்களும் இதய அடைப்பிதழ்களும் இறுகுகின்றன.
* தமனி-சிரை இணைப்பு: சிகிச்சைக்காகக் கையில் அமைக்கப்படும் இவ்விணைப்பு (பிஸ்டுலா) இதயத்திற்குத் திரும்பும் குருதியின் அளவைக் கூட்டுகிறது.

சிகிச்சையும் இடைவெளியும்

நீரை மிக விரைவாக அகற்றினால் குருதியழுத்தம் சரிந்து, இதயத்தசைக்குச் செல்லும் குருதி குறையும். இது அடிக்கடி நிகழ்ந்தால் இதயத்தசை நிலையாக நலிவடையலாம். மணிக்கு, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 13 மில்லிலீட்டருக்கு மேல் நீர் அகற்றப்படுவோரிடம் இறப்பு மிகுதி என ஆய்வுகள் காட்டியுள்ளன. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 4 மணி நேரத்தில் இவ்வரம்பு ஏறத்தாழ 3.1 லீட்டர் ஆகும்.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, வாரம் மும்முறை சிகிச்சை பெறுவோரிடையே, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பும் இதயக் கோளாறுகளும் மிகுந்திருந்தன. இந்தியாவில் பலர் வாரம் இருமுறையே சிகிச்சை பெறுவதால் அவர்களின் இடைவெளி மேலும் நீள்கிறது.

திருநெல்வேலி வட்டாரத்தில்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கோடை வெப்பத்தில் நாவறட்சி இயல்பு. ஆனால் சிறுநீர் பிரியாதவர் பருகும் நீரின் பெரும்பகுதி அடுத்த சிகிச்சை வரை உடலிலேயே தங்கும். உப்பிட்ட நீராகாரம் நீரையும் உப்பையும் ஒருசேரக் கூட்டும். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை; அவை தாகத்தைத் தூண்டும். பிறருக்கு நன்மை தரும் இளநீரும், இப்பள்ளத்தாக்கில் பரவலாக விளையும் வாழைப்பழமும் பொட்டாசியம் மிகுந்தவை. ஒரு குவளை (200 மில்லிலீட்டர்) இளநீரில் 500 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கலாம். குருதியில் பொட்டாசியம் மிகுந்தால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத்துடிப்பு நிற்கக்கூடும்.

1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் 2019இல் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றறைக் கூழ்மப்பிரிப்புக்கான திரவப் பைகள் நோயாளிகளின் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. நாள்தோறும் செய்யப்படும் இம்முறையில் நீர் சிறிது சிறிதாக அகற்றப்படுகிறது.

கண்காணிப்பும் தடுப்பும்

இதய மீயொலிப் படம் (எக்கோ) இடது கீழறையின் தடிப்பையும் சுருங்கும் திறனையும் காட்டும். உடலில் மிகை நீர் இல்லாத நிலையில், அதாவது உலர் எடையில், எடுக்கப்படும் படமே நம்பத்தக்கது. உப்பைக் குறைத்தல், நாள்தோறும் எடை பார்த்தல், சிகிச்சையைத் தவறவிடாமை ஆகியவை முதன்மையான தடுப்பு முறைகள். நீர், உணவு ஆகியவற்றின் அளவு நோயாளிக்கு நோயாளி மாறுபடுவதால் மருத்துவரே அதை முடிவு செய்வார். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் பலருக்கு இதயத்தின் சுருங்கும் திறன் மேம்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* சிறுநீரகச் செயலிழப்பு
* குருதியழுத்தம்
* உறுப்பு மாற்று