வளைகுடாவில் கணக்குக் கேட்டவர்கள்

1939 மார்ச் 3ஆம் தேதி துபாயில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆட்சியாளர் ஷேக் சயீத் பின் மக்தூமுக்கு இனி ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். மிச்ச வருமானம் ஊர்ச் செலவுக்கு. ரூபாய் என்றால் இந்திய ரூபாய். அந்நாளில் வளைகுடாக் கடைத்தெருக்களில் புழங்கியது அதுதான். தீர்மானம் போட்டது 15 பேர் கொண்ட ஒரு மஜ்லிஸ். அதற்குப் பிறகு அந்தச் சபை நான்கு வாரம்கூட நீடிக்கவில்லை.

வேலைக்கென்று துபாய் போய் இருபது, முப்பது ஆண்டு இருந்துவிட்டு வந்த நம்மூர்க்காரர்களிலும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆட்சியாளரின் பணத்துக்குக் கணக்குக் கேட்ட சபை அங்கே இருந்தது என்றால் நம்புவதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

முத்துக்குளிப்புதான் ஊருக்குச் சோறு போட்ட காலத்தில், ஷேக்குகளின் கையிருப்பு வணிகர்கள் கட்டும் வரியையும் சுங்கத்தையும் நம்பியே இருந்தது. வரி அதிகமானாலோ, மரியாதை குறைந்தாலோ, வணிகர்கள் படகுகளோடு பக்கத்துத் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்துவிடலாம். எதிர்க்கட்சி என்ற பெயர் இல்லாமலே எதிர்க்கட்சியின் பலம் அவர்களிடம் இருந்தது. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அந்தத் தொழிலைக் கவிழ்த்தன. வணிகர்கள் கடனாளிகள் ஆனார்கள். அதே சமயத்தில் ஆட்சியாளருக்குப் புது வழியில் பணம் வர ஆரம்பித்தது. ஊரின் நடுவே ஓடும் கழியான கிரீக்கில் இறங்கும் பிரிட்டிஷ் கடல் விமானங்களுக்குக் கட்டணம். 1937இல் கையெழுத்தான எண்ணெய் தேடும் ஒப்பந்தத்துக்குப் பணம். அந்தத் தொகையெல்லாம் நேரே அவர் கைக்கே போனது.

சண்டை அங்கேதான் பிறந்தது. கிரீக்கின் ஒரு கரையான தேராவில் இருந்த ஷேக்கின் உறவினர்களும் வணிகர்களும் ஒரு பக்கம், எதிர்க்கரையில் ஷேக் சயீதின் ஆட்கள் மறு பக்கம் என்று ஆயுதத்தோடு நின்றார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் நடுவில் புகுந்தார்கள். 1938 அக்டோபரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மஜ்லிஸ் அமையும், ஷேக்கே அதன் தலைவர். வரவும் செலவும் அரசின் பெயரில், சபையின் ஒப்புதலோடு நடக்கும். மொத்த வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு ஆட்சியாளருக்கு.

அந்த ஐந்து மாதத்தில் மஜ்லிஸ் சும்மா இருக்கவில்லை. சுங்கத் துறையை ஒழுங்குபடுத்தி ஊழியர்களுக்குச் சம்பளம் நிர்ணயித்தது. பள்ளிக்கூடம் திறந்தது. கல்விப் பொறுப்பை ஏற்றவர் எதிரணியின் முக்கியப் புள்ளியான, ஷேக்கின் உறவினர் மானி பின் ராஷித். ஆனால் சபைக்கு வர ஷேக் சயீதுக்கு மனமில்லை. மார்ச் 29 அன்று அவருடைய மகன் ஷேக் ராஷிதுக்குக் கல்யாணம். மணமகள் வீடு தேராவில். திருமணத்துக்கென்று வந்த, ஷேக்குக்கு ஆதரவான பாலைவனப் பழங்குடியினரான பதூயின்கள் துப்பாக்கியோடு தேராவைக் கைப்பற்றினார்கள். மஜ்லிஸ் முடிந்தது. மானி பின் ராஷித் ஷார்ஜாவுக்கு ஓடினார். அன்றைய மாப்பிள்ளைதான் 1958 முதல் துபாயை ஆண்டு, கிரீக்கை ஆழப்படுத்தி, துறைமுகம் கட்டியவர்.

அதே 1938இல் குவைத்திலும் வணிகர்கள் 14 பேர் கொண்ட சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் புர்கானில் எண்ணெய் பீறிட்டிருந்தது. எண்ணெய்ப் பணமும் தங்கள் வழியாகவே வரட்டும் என்று சபை கேட்டது. டிசம்பரில் அமீர் அகமது அல் ஜாபர் அதைக் கலைத்தார். இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். ஆனால் குவைத் சபைக்குத் தலைமை தாங்கியவர் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் சாலிம். 1950இல் அவரே அமீர் ஆனார். 1961இல் குவைத் விடுதலை பெற்ற பிறகு, 1962 நவம்பரில் அரசியலமைப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. துபாயில் நூலறுந்தது, குவைத்தில் அறுந்த நூலை அவர் முடிச்சுப் போட்டார் என்று சொல்லலாம்.

ஐம்பது உறுப்பினர் கொண்ட குவைத் தேசிய சபையில் கட்சிகள் இருக்கவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனியாகவே ஓர் ஆயுதம் தந்தது. அதற்கு இஸ்திஜ்வாப் என்று பெயர். அமைச்சரையோ பிரதமரையோ சபையில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. நோட்டீஸ் கொடுத்து எட்டு நாளாவது ஆன பிறகு விவாதம். அமைச்சர் மீதான விவாதம் முடிந்ததும் பத்து உறுப்பினர்கள் கேட்டால் நம்பிக்கை வாக்கெடுப்பு. அதில் அமைச்சர்கள் வாக்களிக்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. 1964இல் சட்டம் இயற்றி உருவாக்கிய தணிக்கைத் துறையும் சபையோடு இணைந்தது. நம் நாட்டில் 1957இல் எல்.ஐ.சி. முதலீடு பற்றிய முந்த்ரா விவகாரத்தை மக்களவையில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி. அடுத்த பிப்ரவரியில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். கட்சி இல்லாத குவைத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் நினைத்தால் ஃபெரோஸ் காந்தி ஆக முடிந்தது.

ஆனார்களும். 1982இல் சூக் அல் மனாக் என்ற பங்குச்சந்தை கவிழ்ந்தது. பின்தேதியிட்ட காசோலைகளிலேயே நடந்த அந்த வியாபாரத்தில் நிலுவையில் நின்ற காசோலைகளின் மதிப்பு 9,000 கோடி டாலரைத் தாண்டியது. சிறு முதலீட்டாளர்களுக்கான நிவாரண நிதி யாருக்குப் போனது என்ற விசாரணையில் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த நீதி அமைச்சர் சல்மான் அல் துவைஜ் 1985இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு எண்ணெய் அமைச்சரை நோக்கிக் கேள்விகள் திரும்பின. 1986 ஜூலையில் சபை கலைக்கப்பட்டது. 1976இல் நடந்ததற்கு அடுத்து, இது இரண்டாவது கலைப்பு.

அப்போது சபாநாயகராக இருந்த அகமது அல் சாதூன் ஓயவில்லை. வீட்டு வரவேற்புக் கூடமான திவானியாவில் மாலையில் கூடிப் பேசுவது குவைத்தியரின் பழக்கம். 1989இன் இறுதியில் திங்கட்கிழமை திவானியாக்கள் சபையைத் திரும்பக் கேட்கும் கூட்டங்களாக மாறின. ஈராக் படையெடுப்பும் விடுதலையும் கடந்து, 1992 அக்டோபரில் தேர்தல் நடந்தது. நாடு சாம்பலில் கிடந்தபோது ஸ்பெயினில் நாட்டின் முதலீடு என்ன ஆனது என்பதே புதிய சபையின் கேள்வி. குவைத் முதலீட்டு அலுவலகம் அங்கே இழந்த தொகை சுமார் 500 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 1993ஆம் ஆண்டின் முதல் சட்டமே பொதுப்பணப் பாதுகாப்புச் சட்டம்.

இதெல்லாம் சபைக்குப் பெருமை. 2008 வேறு மாதிரி.

அந்த ஆண்டில் இரண்டு பெரிய பேரங்கள் சபையின் வாயில் விழுந்தன. ஒன்று, 1,500 கோடி டாலரில் நான்காவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அமெரிக்க, ஜப்பானிய, கொரிய நிறுவனங்களுக்கு மத்திய டெண்டர் குழுவைத் தாண்டி ஒப்பந்தம் கொடுத்தது ஏன் என்று சாதூனும் முசல்லம் அல் பர்ராக்கும் இருந்த மக்கள் செயல் அணி கேட்டது. நியாயமான கேள்வி. இன்னொன்று, டௌ கெமிக்கலோடு 1,740 கோடி டாலர் கூட்டுத் தொழில். உலக நிதி நெருக்கடியின் நடுவில் இத்தனை விலை கொடுப்பதா என்று பிரதமரையே விசாரணைக்கு இழுப்பதாக மிரட்டினார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அரசு பதில் சொல்லவில்லை; டிசம்பர் 28 அன்று கூட்டுத் தொழிலையே ரத்து செய்தது. 2009 மார்ச்சில் ஆலையும் ரத்து.

ஒப்பந்தத்தை முறித்ததற்கு டௌ நடுவர் மன்றம் போனது. 2013இல் குவைத் கட்டிய தொகை சுமார் 220 கோடி டாலர். அதைப் பற்றியும் விசாரணை வரும் என்று தெரிந்ததும் எண்ணெய் அமைச்சர் ஹானி ஹுசைன் விலகிவிட்டார். ஆலைக்கு 2015இல் மறுபடி ஒப்பந்தங்கள் போட்டு, அல் ஜூரில் அது வேலை செய்யத் தொடங்கியபோது 2022 ஆகிவிட்டது. கேட்டவர்களை மட்டும் குறை சொல்வது சுலபம். டெண்டரை நியாயப்படுத்தவோ, எதிர்த்த உறுப்பினர்களை எதிர்கொள்ளவோ தயங்கிய அரசுக்கும் அந்தப் பில்லில் பங்கு உண்டு. குவைத்தில் விசாரணைக்கு முன் அமைச்சர் விலகுவதும், சபை கலைவதும் பழகிப்போனதால் பல கேள்விகளுக்கு விடை சபைக் குறிப்பேட்டில் ஏறவே இல்லை.

2009 டிசம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. பிரதமர் ஷேக் நாசர் அல் முகமது தம் அலுவலகச் செலவுகள் பற்றி ஃபைசல் அல் முஸ்லிம் தொடுத்த கேள்விகளுக்கு மூடிய சபையில் நின்று பதில் சொன்னார். விசாரணையை நேரில் சந்தித்த முதல் பிரதமர் அவர். 35க்கு 13 என்ற வாக்கில் தப்பினார். இரண்டு ஆண்டுக்குள், உறுப்பினர்களின் வங்கிக் கணக்கில் பணம் விழுந்த விவகாரத்தில் போராட்டக்காரர் கூட்டம் சபைக்குள்ளேயே புகுந்தது. 2011 நவம்பரில் பிரதமர் விலகினார். 2019 நவம்பரில் ராணுவ நிதியொன்றில் 24 கோடி தினார் எங்கே என்ற கேள்வி எழுந்தபோது கேட்டவர் பாதுகாப்பு அமைச்சர், அன்றைய அமீரின் மகன். அந்த அமைச்சரவையும் போனது.

பக்கத்து நாடுகளில் இவ்வளவு தூரம் எவரும் போகவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 40 பேர் கொண்ட தேசியக் கவுன்சில் அமைச்சர்களைக் கேள்வி கேட்கலாம், பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். யாரையும் பதவியிறக்க முடியாது. ஆனாலும் 1979 பிப்ரவரியில் அது அமைச்சரவையோடு சேர்ந்து ஆட்சியாளர்களிடம் கொடுத்த மனு, எமிரேட்டுகளின் எண்ணெய் வருமானத்தைக் கூட்டாட்சிக்குச் சேர்க்கக் கேட்டது. பஹ்ரைனில் 2010இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, சுமார் 65 சதுர கிலோமீட்டர் அரசு நிலம் தனியார் கைக்குப் போனதாகச் சொன்னது. 2011 பிப்ரவரியில், அங்கே பெரிய எதிரணியான அல் விஃபாக்கின் உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். கத்தாரில் 2021இல் ஒரு முறை நடந்த ஷூரா சபைத் தேர்தலும் 2024 நவம்பர் பொது வாக்கெடுப்போடு முடிவுக்கு வந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2024 மே 10 அன்று, குவைத் அமீர் மிஷால் அல் அகமது சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளை நான்கு ஆண்டு வரை நிறுத்தி வைப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். சபையின் அதிகாரங்கள் அமீருக்கும் அமைச்சரவைக்கும் போயின. புது உறுப்பினர்கள் தேர்வாகி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. முதல் அமர்வுக்குக்கூட அவர்கள் கூடவில்லை.