பந்தும் பிழைப்பும் – 14: அம்முகுடாவின் பலராம்

ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அணியை வளர்த்தவர் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம். அவர் கண்ணில் பட்ட ஒரு தமிழ்ப் பையனுக்கு இந்த வாரம் முழுவதையும் கொடுக்கிறேன். இந்தியா பெற்ற மிகச்சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். தமிழ்நாட்டில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது என்பது எனக்குப் பல வருடங்களாக மனக்குறை.

துளசிதாஸ் பலராம். 1936 அக்டோபரில் செகந்திராபாத் கன்டோன்மென்டை ஒட்டிய அம்முகுடாவில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அங்கே தமிழ்க் குடும்பம் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மதராஸ் பட்டாளம் எங்கே கூடாரம் அடித்ததோ அங்கேயெல்லாம் சிப்பாயும், சமையல்காரரும், வண்ணாரும், கடைக்காரரும் நம் ஊர்களிலிருந்து கூடவே போனார்கள். செகந்திராபாத், பெங்களூர் கன்டோன்மென்டுகளில் தமிழ்த் தெருக்கள் உண்டானது அப்படித்தான். பட்டாளம் இருந்த இடத்தில் மைதானமும் இருந்தது. அந்த மைதானத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள்தான் பிற்பாடு இந்தியாவுக்கு ஆடினார்கள்.

பலராமின் அம்மாவுக்கு மகன் ஒரு சர்க்கார் குமாஸ்தா ஆகிவிட வேண்டும் என்று ஆசை. பந்து விளையாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் இருந்தது. பந்து சோறு போடும் என்று அன்றைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பையனிடம் பூட்ஸ் வாங்கக் காசில்லை. பழைய போலீஸ் பூட்ஸ் ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்து, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, அடியில் கட்டை வைத்துக் கால்பந்து பூட்ஸாக மாற்றிக்கொண்டான். அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளூர் ஆட்டங்களில் ஆடினான்.

ரஹீம் அவனைப் பார்த்தது அப்படி ஓர் ஆட்டத்தில்தான். சந்தோஷ் கோப்பைக்கான ஹைதராபாத் அணித் தேர்வுக்கு வா என்று கூப்பிட்டார். அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத் போய்வரப் பையனிடம் பணமில்லை; அதை அவரிடமே சொல்லிவிட்டான். ரஹீம் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். இந்திய விளையாட்டு வரலாற்றில் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய வரவு வந்ததில்லை என்பேன். 1956-ல் ஹைதராபாத் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில், இருபது வயது பலராம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தார். அந்த அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். அரையிறுதி வரை போய் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. அதற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அந்த உயரத்தைத் தொடவே இல்லை.

அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆள் இருப்பார். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யார் எங்கே ஓட வேண்டும், எவருக்கு எறிய வேண்டும் என்பதை நொடிப்பொழுதில் அவர் முடிவு செய்வார். நம் கால்பந்தில் பந்து ஓர் ஆளிடம் அப்படி நிற்காது. ஆனாலும் எல்லா நல்ல அணியிலும் அந்த மூளைக்காரர் ஒருவர் இருப்பார். 1958-ல் உலகக் கோப்பை வென்ற பிரேசிலுக்கு டிடி அப்படி இருந்தார். ரஹீம் பயிற்றுவித்த இந்தியாவுக்குப் பலராம். லெஃப்ட் விங், இன்சைட் லெஃப்ட், சென்டர் ஃபார்வர்ட் என்று முன்வரிசையில் எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். கோல் போடுவார், மற்றவர் கோல் போட வழியும் செய்வார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவரையும் சேர்த்தே சொல்வது அன்றைய வழக்கம். பி.கே. வலது ஓரத்தில் வேகம், சுனி நடுவில் நளினம். மூவரிலும் ஆட்டத்தை முன்கூட்டியே படித்தவர் பலராம்தான் என்பது என் கட்சி.

1957-ல் அவர் கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். தெற்கத்திக்காரர்கள் அந்தக் கிளப்புக்குப் புதிதல்ல. அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களை ‘பஞ்ச பாண்டவர்’ என்று கல்கத்தா கொண்டாடி முடித்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். ஈஸ்ட் பெங்காலின் ரசிகர்களில் பெரும்பகுதி பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த கிழக்கு வங்காளத்து மக்கள். ஊரை இழந்தவர்களின் கிளப்பில், ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளை. 1961-ல் அவரே கேப்டன். அந்த வருடம் கல்கத்தா லீகில் 23 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். லீக் பட்டமும் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது.

இதற்கு நடுவே 1960 ரோம் ஒலிம்பிக். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 26 அன்று ஹங்கேரியுடன். ஹங்கேரி அன்று உலகின் பெரிய அணிகளில் ஒன்று. பிற்காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஃபுளோரியன் ஆல்பர்ட் அந்த அணியில் ஆடினார். இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. அடுத்து பிரான்ஸுடன் 1-1 சமன். இந்த இரண்டு ஆட்டங்களின் கணக்கை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஜகார்த்தா 1962-ஐக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆசிய விளையாட்டில் தென்கொரியாவிடம் முதல் ஆட்டத்திலேயே 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றது இந்தியா. இரண்டு ஆட்டத்திலும் பலராம் கோல் போட்டார். தாய்லாந்து ஆட்டத்தில் பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரைக் கட்டோடு சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். தென்வியட்நாமை 3-2 என்று தாண்டி இறுதிக்கு வந்தபோது எதிரே மறுபடி அதே தென்கொரியா. செப்டம்பர் 4, செனயான் அரங்கம். இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியதால் மொத்தக் கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே இருபது நிமிடத்துக்குள் பி.கே.யும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். கடைசியில் 2-1. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் செகந்திராபாத்தின் இன்னொரு பிள்ளை, பீட்டர் தங்கராஜ். அந்த நாட்களில் ரஹீமைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் அவர் போனார்.

பலராமின் ஆட்டமும் அதே 1963-ல் முடிந்தது. ஈஸ்ட் பெங்காலை விட்டு ரயில்வே அணியான பி.என்.ஆரில் சேர்ந்திருந்தார். நுரையீரலில் நோய் வந்தது. இருபத்தேழாவது வயதில் பூட்ஸைக் கழற்றினார். ஒரு ஆட்டக்காரர் பக்குவம் அடைந்து அணியைத் தோளில் தூக்கும் வயது அது. பி.கே.யும் சுனியும் இன்னும் சில ஆண்டுகள் ஆடினார்கள். பலராமுக்கு அந்த வருடங்கள் கிடைக்கவில்லை.

நான் இதை எழுதுவது சுங்குவார்சத்திரத்திலிருந்து. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், செல்போன், டிவி, கண்ணாடி என்று எல்லாம் செய்கிற தொழிற்சாலைகள். வாடகை அறைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் பிள்ளைகள். நம் திருவண்ணாமலை, விழுப்புரம் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விற்காத மனைகளில் கல்லை கோல் கம்பமாக வைத்துப் பந்து உதைக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் அதில் உண்டு. வங்காளத்திலிருந்து வந்த ஓர் இளைஞனிடம் பலராம் பெயரைச் சொன்னேன். “எங்க தாத்தா ஈஸ்ட் பெங்கால் ஆளு சார்” என்று முகம் மலர்ந்தான். கூட ஆடிய நம் பையன்களுக்கு அந்தப் பெயர் புதிது.

அன்றைய கால்பந்தைத் தூக்கி நிறுத்தியது சம்பளம்தான் என்பதை இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். பட்டாளம், போலீஸ், ரயில்வே, ஆலை. இவை ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தன, பயிற்சிக்கு நேரம் கொடுத்தன, மைதானமும் கொடுத்தன. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் வந்தபோது ஐ.சி.எஃப். அணியும் கூடவே வளர்ந்தது. நம் வட்டாரத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆட்டக்காரனை எடுக்கிறார்களா? சிப்காட் நிலம் பிரிக்கும்போது நாலு ஊருக்கு ஒரு மைதானமாவது ஒதுக்கியிருக்கலாம். இனிமேலும் ஒதுக்கலாம், இடம் முழுவதும் இன்னும் போய்விடவில்லை.

மறுபடி பலராம். 1962-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. சுனிக்கு 1983-லும் பி.கே.க்கு 1990-லும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு வரவேயில்லை. இதை நான் எந்தக் காரணத்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மூவரில் ஒருவரை மட்டும் விட்டதற்கு ஆட்டத்தில் காரணம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாமல், ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் ஒரு ஃபிளாட்டில் வாழ்ந்தார். 2020 மார்ச்சில் பி.கே., ஏப்ரலில் சுனி என்று இருவரும் அடுத்தடுத்துப் போனபின் மூன்று வருடம் தனியாக இருந்தார். 2023 பிப்ரவரி 16 அன்று, எண்பத்தாறு வயதில், கொல்கத்தாவில் காலமானார். ரஹீமின் கதையைச் சொல்லும் ‘மைதான்’ இந்திப் படம் 2024 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அதில் பலராம் ஒரு பாத்திரமாக வருகிறார். பார்க்க அவர் இல்லை.

அடுத்த வாரம்: ஜகார்த்தாவில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ். வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்டில் பட்டாளத்தானாகச் சேர்ந்தவர், 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் ஆனது முதல், பொகாரோ உருக்கு நகரத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தது வரை.