கோட்டோரக் கூட்டம்: பந்தாட்ட வரலாற்றில் சில ஏடுகள்

ஜூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த வரலாறு, பங்குத் தந்தையரின் வரிசை, பக்த சபைகளின் அறிக்கை, நன்கொடையாளர் பட்டியல் என்று ஓர் ஒழுங்கு உண்டு. இவற்றின் நடுவே பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நம் இளைஞர்கள் ஞாயிறு மாலைகளில் பந்தாடுகிறார்கள். பார்க்க ஆளில்லை என்பதுதான் காரணம். எல்லைக் கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால், முறை வருமா என்று காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள், அண்ணன்மாரின் செருப்புக்குக் காவலிருக்கும் இரண்டு பொடியன்கள், மேய வந்த நாலைந்து ஆடுகள், அவ்வளவே. "பந்துக்கும் சட்டைக்கும் போடும் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமே" என்று பங்குப் பேரவையில் ஒரு குரலும் எழுந்துவிட்டது. அந்தக் குரலை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் முடிவு எடுக்குமுன், நம்மைப் போன்ற எளிய அணிகளுக்கு மற்ற ஊர்களில் கூட்டம் எப்படிச் சேர்ந்தது, எப்படிக் கலைந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

"முதலில் ஜெயிக்கட்டும், கூட்டம் தானாக வரும்" என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இது பாதிதான் உண்மை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. சென்னை சிட்டி என்ற சங்கம் 2017 ஜனவரியில் தொடங்கிய ஐ-லீக் பருவத்தில் அகில இந்தியப் போட்டிக்குள் வந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் பின்னர் அதன் சொந்தக் கள ஆட்டங்கள் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாறின. 2018-19 பருவத்தில் 43 புள்ளிகள் எடுத்து, 42 எடுத்த கல்கத்தா ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி, 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. அடுத்த பருவம் கொரோனாவால் பாதியில் நின்றது. அதற்கடுத்த பருவம் வங்காளத்தில், பார்வையாளர் இன்றி நடந்தது. 2021-22 போட்டியில் அந்தச் சங்கத்தின் பெயரே இல்லை. நாட்டின் கோப்பையை வென்ற அணி மூன்றே ஆண்டுக்குள் மேடையை விட்டு இறங்கிவிட்டது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நோய்க்காலத்தின் பங்கையும் மறுக்க முடியாது. ஆயினும் "இது எங்கள் அணி, விடமாட்டோம்" என்று ஓர் ஊரே எழுந்து நிற்குமளவுக்கு வேர் பிடிக்க அதற்குக் காலம் போதவில்லை என்பதே நம் எண்ணம்.

சரி, வேர் பிடித்த இடங்களைப் பார்ப்போம். ராஜபாளையத்தார்க்கு எளிதில் விளங்கும் கதை ஒன்று இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. அதுவும் பஞ்சாலைச் சீமை. நம் ஊரில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அங்கே ஊருக்கு ஊர் ஆலைப் புகைபோக்கிகள். 1850-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது. அவர்கள் எழுந்து போனபின் ஆண்கள் மட்டும் தறியை ஓட்டுவது எப்படி? நாளடைவில் ஆலை முழுவதும் அரை நாள் மூடப்பட்டது. கையில் வாரக் கூலி, முன்னால் ஒரு முழு மாலைப்பொழுது. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. 1888-இல் உலகின் முதல் பந்தாட்ட லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 சங்கங்களில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆலைத் தொழிலாளி வரக்கூடிய நேரத்தில் ஆட்டத்தை வைத்தார்கள், அவன் வந்தான். நம் ஊர் மில்களில் ஷிப்டு முறை. முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் சற்றுத் தலை சாய்த்து எழுவதற்குள் நம் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆட்ட நேரத்தைக் குறிக்கும் இளைஞர்கள் மில் கடிகாரத்தை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

அந்த ஆறு சங்கங்களில் ஒன்று போல்டன் வாண்டரர்ஸ். அது 1874-இல் ஓர் ஆங்கிலிக்கன் கோவிலின் ஞாயிறு பள்ளிப் பையன்களால் 'கிறைஸ்ட் சர்ச்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தலைவர் அக்கோவிலின் குருவானவரே. கோவில் கட்டடத்தில் கூட்டம் கூடுவது பற்றி அவருக்கும் பையன்களுக்கும் மனத்தாங்கல் வளர்ந்து, 1877-இல் அணி கோவிலை விட்டே வெளியேறியது. நிலையான இடமின்றித் திரிந்ததால் 'அலைபவர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. பையன்கள் ஆட்டத்தை விட்டுவிடவில்லை, கோவில்தான் அணியை இழந்தது. இதைப் பேரவை அன்பர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

நம் திருச்சபையைச் சேர்ந்த கதைகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர் குடியிருந்த பகுதியில், புனித பத்திரிசியார் ஆலயத்துப் பங்குக் குரு எட்வர்ட் ஹன்னன் அடிகளாரின் ஆதரவில் 1875-இல் ஹிபெர்னியன் என்ற சங்கம் எழுந்தது. கத்தோலிக்க இளைஞர் சபையைச் சேர்ந்தவர்தாம் அதில் ஆடலாம். 1887-இல் அது ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அதைக் கண்ட உற்சாகத்தில் அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரின் புனித மரியன்னை ஆலய மண்டபத்தில், மாரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃப்ரிட் முன்னின்று செல்டிக் சங்கத்தைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணத்தில் ஏழைச் சிறுவர்களுக்கு உணவளிப்பதே அவர் நோக்கம். ஆட்டக்களத்தைக் கூலி கொடுத்து அமைக்கவில்லை. பங்கு மக்கள் வேலை முடிந்து வந்து தாங்களே மண் சுமந்து சில மாதங்களில் சமன்படுத்தினார்கள். 1888 மே 28-ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்தில் பக்கத்து ரேஞ்சர்ஸ் அணியை 5-2 என்று வென்றது செல்டிக். ஏறத்தாழ 2,000 பேர் பார்த்தார்கள். தான் சுமந்த மண்ணின்மேல் ஆட்டம் நடக்கும்போது மனிதன் வீட்டில் படுத்திருப்பானா?

செல்டிக் செய்த இன்னொன்றும் உண்டு. கத்தோலிக்கர் மட்டுமே ஆடலாம் என்ற விதியை அது வைக்கவில்லை. ஹிபெர்னியனோ, தன் நல்ல ஆட்டக்காரர்களைச் செல்டிக்கிடம் இழந்து 1891-இல் செயலற்றுப் போனது. பின்னர் அது மறுபடி எழுந்தபோது அந்தப் பழைய விதி இல்லை. பிற்காலத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆட்டங்களில் மதப்பகை புகுந்து, கல்லும் புட்டியும் பறந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சேரும் கூட்டம் நமக்கு வேண்டாம். நம் இரண்டு ஊர்களிலும் கத்தோலிக்கர் சிறு தொகையினர். ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் பலதரப்பட்டவராக இருந்தால்தான் கோட்டோரம் நிறையும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டால் அவனுடைய அப்பாவும் சித்தப்பாவும் மச்சானும் சேர்ந்தே வருவார்கள். இது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும்.

கூட்டம் வரவேண்டுமானால் அதற்கு வழியும் வேண்டும். 1911 ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்று ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. நம்மவர் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே; பின்னாளில் கிறிஸ்தவப் போதகராக விளங்கியவர். அன்று வெளியூர்க்காரருக்காக ரயில்வே தனி வண்டிகள் விட்டது, ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. திரண்டவர்களில் பெரும்பாலோர்க்குப் பந்தே கண்ணில் படவில்லை. அவர்களுக்காகக் கோல் எண்ணிக்கையை எழுதிப் பட்டம் பறக்கவிட்டார்கள்! ஆட்டம் தெரியாத தூரத்தில் நின்றவனுக்கும் சேதி போய்ச் சேர ஒரு வழி பண்ணினார்கள் பாருங்கள். நம்மிடம் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் மைக் செட் இருக்கிறது. ஆட்டம் நடக்கிறது என்று அடுத்த தெருவுக்குத் தெரிவதில்லை.

இனி, இக்கட்டுரைக்கு உயிரான கதைக்கு வருவோம். தொன் போஸ்கோவின் சலேசிய குருக்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள் என்பதைப் பலரும் அறிவர். அதே சபையைச் சேர்ந்த லொரென்சோ மாசா அடிகளார் அக்காலத்தில் தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா தலைநகர் போனஸ் அயர்ஸின் அல்மாக்ரோ பகுதியில் பணியாற்றிவந்தார். அங்குள்ள சிறுவர்கள் நடுத்தெருவில் பந்தாடுவது வழக்கம். ஒருநாள் ஒரு சிறுவன் டிராம் வண்டியில் அடிபட இருந்தான். அதைக் கண்ட அடிகளார் அவர்களைக் கோவில் வளாகத்துக்குள் அழைத்து, "இங்கே ஆடுங்கள், ஞாயிறு பூசைக்கு வந்துவிடுங்கள்" என்ற அளவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1908 ஏப்ரல் 1-ஆம் தேதி அது ஒரு சங்கமாயிற்று. சான் லொரென்சோ, அதாவது புனித லாரன்ஸ் என்று பெயர். 1916-இல் சொந்த மைதானம் வந்தது. பெரிய சங்கமாக வளர்ந்து பல பட்டங்கள் வென்றது. திருத்தந்தை பிரான்சிஸ் சிறு வயதில் தந்தையின் கை பிடித்து அங்கே ஆட்டம் பார்க்கப் போனவர். 2025-இல் இறைவனடி சேரும்வரை அச்சங்கத்தின் உறுப்பினர்.

பிறகு வீழ்ச்சி. கடன் சுமையில் 1979-இல் மைதானத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த இடத்தில் பின்னர் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி எழும்பியது. 1981-இல் அணி தோற்றுத் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. சொந்த இடமில்லை, நல்ல ஆட்டக்காரர்களை வாங்கப் பணமில்லை, பெயருக்கும் இழுக்கு. "ஜெயித்தால்தான் கூட்டம்" என்பது உண்மையானால் 1982-இல் அங்கே ஈ, காக்கை இருந்திருக்கக் கூடாது. நடந்ததோ நேர்மாறு. இரண்டாம் பிரிவில், இரவல் மைதானங்களில் ஆடிய அந்த அணிக்கு விற்ற சீட்டு, அவ்வாண்டில் முதல் பிரிவில் ஆடிய எந்த அணிக்கும் விற்கவில்லை! சிறு மைதானங்கள் கொள்ளாமல் ஆட்டங்களைப் பெரிய ஸ்டேடியங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தாத்தாவும் பேரனும் சேர்ந்து வந்தார்கள். அணி விழுந்துகிடக்கும்போது போகாமல் எப்போது போவது என்பது அவர்கள் எண்ணம். அவ்வாண்டே அணி மீண்டும் மேலே ஏறியது. பழைய நிலத்தை மீட்க ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், சதுர மீட்டர் கணக்கில் பணம் கட்டினார்கள். 2012-இல் நகரச் சட்டசபை அதற்கெனச் சட்டம் இயற்றியது, 2019-இல் நிலம் கைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் மறக்காமல் இருந்திருக்கிறார்கள். நம்மவர்கள் கோவில் நிலத்துக்குக்கூட இவ்வளவு காலம் அலைவார்களா என்பது சந்தேகம்தான்.

அவ்வளவு தூரம் போகாமலும் உதாரணம் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைப் பங்குகளில் பந்தாட்டம் பங்கு வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. திருவிழா என்றால் தேர், சப்பரம், கூடவே பந்தாட்டப் போட்டி. கடலுக்குப் போய்த் திரும்பியவர் முதல் மணலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டும் பாட்டிமார் வரை ஆட்டம் பார்ப்பார்கள், குறையும் சொல்வார்கள். அப்படிப்பட்ட இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்காக ஆடி, 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற பரிசு பெற்று, பிறகு ஜாம்ஷெட்பூர், கல்கத்தா அணிகளுக்குச் சென்றவர்.

நம் பக்கம் கடலும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. கபடிக்கு நிற்கிற கூட்டம் பந்தாட்டத்துக்கு நிற்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு பொருளைச் சுற்றிக் கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேரை ஆயிரக்கணக்கானோர் வந்து பார்ப்பதன் காரணம், வடத்தில் கை வைக்கலாம் என்பதே. நம் ஆட்டத்தில் கை வைக்க என்ன வடம் விட்டிருக்கிறோம்? கல்லும் முள்ளும் பொறுக்கும் வேலைக்குப் பங்கு மக்களைக் கூப்பிட்டதில்லை. சுண்ணாம்புக் கோடு போட மறைக்கல்விப் பிள்ளைகளை விட்டதில்லை. தாய்மார்கள் உட்கார ஒரு பெஞ்சும் நிழலும் கிடையாது. ஒரு குடம் தண்ணீர்கூட வைப்பதில்லை. கோல் போட்டவன் இன்னார் மகன் என்று மைக்கில் சொன்னதில்லை.

இரண்டு ஊருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஜூபிலியை ஒட்டி ராஜபாளையத்து இளைஞர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்களும், ஒரு வாரம் அங்கே, மறுவாரம் இங்கே என்று இரண்டு ஆட்டம் ஆடட்டும் என்ற யோசனை இப்போது பேச்சில் இருக்கிறது. பக்கத்து ஊர் என்றால் கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்யும். பால்கோவா ஊரா, பஞ்சாலை ஊரா என்று இப்போதே டீக்கடையில் வாய்ச்சண்டை நடக்கிறதாம். முதல் ஷிப்டு விட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டம் என்றால் மில்லில் இருப்பவர்களும் வரலாம் என்று ஓர் அன்பர் கணக்குச் சொன்னார். போக வர ஒரு வேன் பேசவேண்டும். களம் துப்புரவு செய்யச் சனிக்கிழமை மாலை மண்வெட்டியோடு வரக்கூடியவர்கள் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்.