ஏரிக்கரையில் ஒரு ரயிலடி

தி.நகரின் கதையைப் பனகல் பூங்காவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் அங்கிருந்து சற்று மேற்கே, மாம்பலம் ரயிலடிக்குப் போகிறேன். நகர் பிறப்பதற்கு முன்பே தண்டவாளம் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கும் முன்னால் அங்கே ஏரி இருந்தது.

அந்நாளில் மாம்பலம் சென்னையில் சேர்த்தியில்லை. செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. ஏரி மாவட்டம் என்றே பெயரெடுத்த பூமி அது. வற்றாத ஆறு கிடையாது; மழையைக் கரைகட்டித் தேக்கித்தான் நெல் விளைய வேண்டும். மவுண்ட் ரோடுக்கு மேற்கே, சைதாப்பேட்டைப் பக்கமிருந்து நுங்கம்பாக்கம் வரை மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் அடுத்தடுத்து நீண்டு கிடந்தன. வெள்ளைக்காரர்கள் இரண்டையும் சேர்த்து ‘லாங் டேங்க்’ என்றார்கள். இந்தப் பக்கத்து ஏரிப்பாசனத்தில் மதகைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பது அவருக்கு மனப்பாடம். மிஞ்சியது கலங்கல் வழியே வெளியேறும். கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு வந்து நிற்கும்.

1870களில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை எழும்பூரிலிருந்து செங்கல்பட்டை நோக்கி இந்த ஏரிகளுக்கு மேற்குப்புறமாக இறங்கியது. இன்று சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறோமே, அவையெல்லாம் அன்று வயலும் தோப்புமாக இருந்த கிராமங்கள். 1908இல் எழும்பூர் நிலையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பட்டணத்தில் இடநெருக்கடி முற்ற, குடியிருப்புக்கு நிலம் தேடியவர்களின் கண் இந்தப் பாதையோரத்தில் விழுந்தது.

1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923இல் மாம்பலத்தில் வேலை தொடங்கியது. ஏரியை வடித்து, மேடாக்கி, நடுவே ஒரு பூங்கா அமைத்து, அதைச் சுற்றிச் சாலைகளை விரித்தார்கள். நீதிக்கட்சி ஆண்ட காலம். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கு, முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு, உஸ்மான், டி.எம்.நாயர் பெயர்கள் சாலைகளுக்கு. 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் இங்கே பட்டுக்கடை வைத்தார்.

ஆனாலும் மாம்பலத்தை உண்மையில் பட்டணத்தோடு பிணைத்தது 1931 மே மாதம்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, ஏறத்தாழ 29 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கே அது முதல். கோட்டையிலும் பாரிமுனையிலும் உத்தியோகம் பார்த்த குமாஸ்தா, காலையில் சாப்பிட்டுவிட்டு மாம்பலத்தில் வண்டி ஏறலாம் என்றானது. மாதச் சம்பளக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! தண்டவாளத்துக்குக் கிழக்கே அகலச் சாலைகளோடு திட்டமிட்ட தி.நகர் எழுந்தது; மேற்கு மாம்பலம் சந்தும் கோயிலுமாகத் தன்போக்கில் வளர்ந்தது.

குடியிருக்க இடம் தேவைப்பட்டது நியாயம்தான். அதற்காக ஏரி முழுவதையும் விழுங்கியிருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரை இல்லை. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி கிடந்த இடத்தில்தான் நிற்கிறது.

அந்தப் பக்கமிருந்து கிளம்பும் மாம்பலம் கால்வாய், தி.நகரைக் கடந்து நந்தனம் அருகே அடையாற்றில் கலக்கிறது. 2021 நவம்பர் மழையில் ஜி.என்.செட்டி சாலையும் அக்கம்பக்கத் தெருக்களும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. பள்ளம் எங்கேயோ, தண்ணீர் அங்கேதான் வரும். தூர்வாரினால் மட்டும் போதாது. இருபுறமும் நெருக்கிக்கொண்டு வந்த கட்டடங்களிடமிருந்து கால்வாயின் பழைய அகலத்தை அரசு மீட்டாக வேண்டும்.

(தொடரும்)